240 நட்சத்திரப் படங்களை இமேஜ்மேஜிக்கில் ஒன்றாக இணைப்பது எப்படி? பாதியிலேயே பிழை வருகிறது

வடவானம் (கேள்வி)

வணக்கம். நட்சத்திரங்கள் நகரும் பாதை கோடுகளாகத் தெரியும் நட்சத்திரத் தடப் படம் ஒன்றை உருவாக்குவதற்காக, கேமராவை டிரைபாடில் அசையாமல் நிறுத்தி, தலா 30 நொடி எக்ஸ்போஷரில் 240 படங்களை இடைவெளியின்றி எடுத்து வைத்திருக்கிறேன். அனைத்தும் 24 மெகாபிக்சல் ஜேபெக் கோப்புகள். உபுண்டுவில், கட்டளைகள் மூலம் படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக் 6 இருக்கிறது. கன்வெர்ட் கட்டளைக்கு எல்லாக் கோப்புகளையும் கொடுத்து, இவாலுவேட்-சீக்வென்ஸ் என்ற ஆப்ஷனில் மேக்ஸ் என்று குறிப்பிட்டால், சிறிது நேரம் ஓடிவிட்டு 'கேஷ் ரிசோர்சஸ் எக்ஸாஸ்டட்' என்ற பிழையோடு நின்றுவிடுகிறது. ஐந்து படங்களை மட்டும் கொடுத்தால் ஒழுங்காக வேலை செய்கிறது. கணினியில் 16 ஜிபி ரேம் இருக்கிறது. பிழை வரும் நேரத்தில் அதில் பாதிகூட நிரம்பியிருக்கவில்லை என்பதுதான் விளங்கவில்லை.

இன்னொரு ஐயமும் உண்டு. அந்த ஐந்து படச் சோதனையிலேயே வானம் நன்றாக வந்திருக்க, கீழேயுள்ள மலைச்சரிவு மட்டும் தனிப் படத்தில் இருப்பதைவிட அதிகமாகப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. படங்களைச் சேர்த்தால் நாய்ஸ், அதாவது இந்தப் புள்ளிகள், குறையும் என்றுதானே சொல்வார்கள்?

கரும்பலகை

வணக்கம் வடவானம். உங்களைத் தடுப்பது ரேம் அன்று. இமேஜ்மேஜிக்குக்கு உபுண்டு விதித்திருக்கும் வரம்பு. டெர்மினலில் ஐடென்டிஃபை கட்டளையை லிஸ்ட் ரிசோர்ஸ் என்ற ஆப்ஷனோடு இயக்கிப் பாருங்கள். மெமரி 256 மெபிபைட், மேப் 512 மெபிபைட், டிஸ்க் 1 கிபிபைட் என்று காட்டும். ஜேபெக் கோப்பு வட்டில் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், திறந்தபின் ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்கு சேனல்கள், சேனலுக்கு 2 பைட் என்ற கணக்கில், உங்கள் படம் ஒன்றுக்கே ஏறத்தாழ 192 எம்பி ஆகிறது. மூன்று வரம்புகளையும் கூட்டினாலும் எட்டுப் படங்களுக்கு மேல் தாங்காது. ஈடிசி அடைவிலுள்ள இமேஜ்மேஜிக்-6 என்ற அடைவில் பாலிசி என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அதில் இந்த எண்களை உயர்த்திக்கொள்ளலாம். கட்டளையோடு லிமிட் ஆப்ஷனைச் சேர்த்து உயர்த்த முயலாதீர்கள்; அதனால் வரம்பைக் குறைக்க முடியுமே தவிர, பாலிசி கோப்பில் உள்ளதை மீற முடியாது.

நிலாச்சோறு

கரும்பலகை சொன்ன காரணம் சரி. ஆனால் தீர்வு வரம்பை உயர்த்துவதில் இல்லை என்பது என் கருத்து. 240 படங்களையும் ஒருசேரத் திறக்க 46 ஜிபி வேண்டும். வரம்பை எடுத்துவிட்டால் கணினி வட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கும். எல்லாப் படங்களையும் ஒரே நேரத்தில் வைத்திருக்க வேண்டிய தேவை உங்கள் வேலைக்கு இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மேக்ஸ் என்பது ஒவ்வோர் இடத்திலும் அதிக வெளிச்சமான மதிப்பை மட்டும் வைத்துக்கொள்கிறது. முதல் இரண்டில் பெரியதை எடுத்து, அதை மூன்றாவதோடு ஒப்பிட்டு, வந்ததை நான்காவதோடு ஒப்பிட்டுக்கொண்டே போனாலும் விடை மாறாது. ஆகவே முதல் படத்தை 'தடம்' என்ற டிஃப் கோப்பாக (தரம் குறையாமல் சேமிக்கும் வடிவம்) மாற்றி வைத்துக்கொண்டு, மீதமுள்ள ஒவ்வொரு கோப்புக்கும் ஃபார் லூப் ஒன்றில் கன்வெர்ட் கட்டளையை இயக்குங்கள்: முதலில் தடம் கோப்பு, அடுத்து புதிய படம், பிறகு கம்போஸ் லைட்டன் (மேக்ஸைப் போலவே அதிக வெளிச்சமானதை வைத்துக்கொள்ளும்), கம்போசிட், கடைசியில் மீண்டும் அதே தடம் கோப்பு. எந்த நேரத்திலும் இரண்டு மூன்று படங்களுக்கான இடமே தேவைப்படும். இடைக்கோப்பை ஜேபெக்காக வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி மறுபடி சுருக்கப்பட்டு, மெல்லிய தடங்கள் சிதைந்துபோகும்.

மலைச்சரிவு புள்ளியாவதற்கும் இதே மேக்ஸ்தான் காரணம். நாய்ஸ் என்பது உண்மை மதிப்புக்கு மேலும் கீழுமாக ஆடுவது. மேக்ஸ் அதில் மேலே துள்ளியதை மட்டும் பொறுக்கிச் சேர்க்கிறது. நாய்ஸைக் குறைப்பது சராசரி, அதாவது மீன். படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அது குறையும். மலைக்கு 25 படங்கள் போதும், நாய்ஸ் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஐந்தைந்தாக மீன் எடுத்து, டெப்த் 16 (சேனலுக்கு 16 பிட்) கொடுத்து டிஃப் கோப்பாகச் சேமித்து, அந்த ஐந்து கோப்புகளுக்கும் மறுபடி மீன் எடுங்கள். குழுக்கள் சம அளவில் இருக்கும்வரை விடை ஒன்றே. இரண்டிரண்டாகச் சேர்த்து மீன் எடுத்துக்கொண்டே போனால் கடைசிப் படத்துக்கே பாதிப் பங்கு போய்விடும்.

பிறகு, மலை வெள்ளையாகவும் வானம் கறுப்பாகவும் உள்ள மாஸ்க் (எங்கே எந்தப் படம் தெரிய வேண்டும் என்று காட்டும் படம்) ஒன்றைக் கிம்ப் என்ற பட எடிட்டரில் வரைந்து, தடப் படம், மலைப் படம், மாஸ்க் என்ற வரிசையில் கம்போசிட்டுக்குக் கொடுத்தால் முடிந்தது.

வடவானம்

மிக்க நன்றி ஐயா. லூப் ஓடி முடிந்து, தடங்கள் அழகாக வந்துவிட்டன. 240 படங்களுக்கு இரண்டு மணி நேரம் என்பதால் 30 பாகை வளைவு இருக்க வேண்டும், இருக்கிறது. ஆனால் விமானம் ஒன்று குறுக்கே போன கோடும், வானமெங்கும் சிவப்பும் நீலமுமாகச் சிறு புள்ளிகளும் பதிந்திருக்கின்றன. மேக்ஸுக்குப் பதிலாக மீடியன் கொடுத்தால் இவை போய்விடுமா?

நிலாச்சோறு

விமானம் போய்விடும், கூடவே நட்சத்திரங்களும் போய்விடும். பெரும்பான்மைப் படங்களில் ஓர் இடத்தில் எது இருக்கிறதோ அதையே மீடியன் தக்கவைக்கும். துருவத்தை ஒட்டியவற்றைத் தவிர்த்தால், எந்த நட்சத்திரமும் ஒரே பிக்சலில் ஓரிரு படங்களுக்கு மேல் நிற்பதில்லை. விமானம் தெரியும் படங்களை மட்டும் கிம்ப்பில் திறந்து, அந்தக் கோட்டின்மேல் மெல்லிய தூரிகையால் கறுப்பைப் பூசிவிட்டு லூப்பை மறுபடி ஓட்டுங்கள். கறுப்பு மேக்ஸில் எப்போதும் தோற்கும். தூரிகை தடித்திருந்தால் தடங்களில் சிறு வெட்டு விழும், கவனம்.

வண்ணப் புள்ளிகள் சென்சாரின் ஹாட் பிக்சல்கள், அதாவது வெளிச்சம் இல்லாமலேயே ஒளிர்வதாகப் பதியும் பிக்சல்கள். அன்றிரவே லென்ஸை மூடி, அதே ஐஎஸ்ஓவிலும் 30 நொடியிலும் சில படங்கள் எடுத்திருந்தால், அவற்றின் மீனைக் கணக்கிட்டு, ஒவ்வொரு படத்திலிருந்தும் கம்போஸ் மைனஸ்_எஸ்ஆர்சி மூலம் கழிக்கலாம். படம் முதலில், இருட்டுப் படம் அடுத்து. ஜேபெக்கில் இந்தக் கழித்தல் துல்லியமாக அமையாது. இனி எடுக்கும்போது ரா கோப்பாக (சென்சாரின் மூலப் பதிவு) எடுத்து, ராதெரபி என்ற மென்பொருளில் இருட்டுப் படத்தை டார்க் ஃபிரேமாகக் கொடுப்பதே நல்லது. கேமராவிலேயே உள்ள லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை மட்டும் இதற்காக இயக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் இன்னொரு 30 நொடி இருட்டுப் படம் எடுக்கும், தடங்கள் துண்டு துண்டாகிவிடும்.

பனிமூட்டம்

ஒரு சிறு சேர்க்கை. மேற்சொன்ன லூப்பில், புதிய படத்தைச் சேர்ப்பதற்கு முன் தடம் கோப்பை மட்டும் இவாலுவேட் மல்டிப்ளை 0.99 என்று மங்கலாக்கிக்கொண்டே போனால், தடங்கள் வால்நட்சத்திரம்போல் ஒரு முனையில் ஒளிர்ந்து மறுமுனையில் கரைந்துபோகும். 69 படங்களுக்கு முந்தைய வெளிச்சம் பாதியாகியிருக்கும். திரும்பத் திரும்பப் பெருக்குவதால் இதற்கு 16 பிட் டிஃப் கட்டாயம். லைட்டனுக்குப் படங்களின் வரிசை முக்கியமில்லை, இதற்கு முக்கியம். கேமராவின் கோப்பு எண் 9999ஐத் தாண்டி 0001க்குத் திரும்பியிருந்தால் ஷெல் அவற்றை முன்பின்னாக அடுக்கிவிடும். எடுத்த நேரத்தை வைத்துப் பெயர் மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.