முனையத்தைத் திறந்ததும் வரும் பிழைக்கு என்ன பெயர் வைக்கலாம்?

பாலிடெக்னிக் ஆசிரியை, திண்டுக்கல் (திங்கள் இரவு)

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை முதலாண்டு மாணவர்களுக்கு லினக்ஸ் செய்முறை வகுப்பு. அதற்காகத் தமிழில் நான்கு பக்கத் தாள் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வியாழன் மாலைக்குள் நகலெடுக்கக் கொடுத்தாக வேண்டும். ஆனால் தலைப்பிலேயே நின்றுவிட்டேன்.

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், கட்டளைகளைத் தட்டும் சாளரமான முனையத்தை (டெர்மினல்) திறந்ததும், நாம் எதையும் தட்டுவதற்கு முன்பே, "அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை" என்று ஒரு வரி வந்து நிற்குமே, அதைப் பற்றியது. எங்கள் ஆய்வகத்தில் போன ஆண்டு ஒரு மென்பொருளை நிறுவிப் பிறகு நீக்கினோம். அது தன் கோப்புகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போனது. ஆனால் பயனரின் வீட்டு அடைவில் (ஹோம் ஃபோல்டர்) உள்ள .பேஷ்ஆர்சி கோப்பின் அடியில் தான் சேர்த்திருந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டது. முனையத்தைத் திறக்கும்போதெல்லாம், நாம் தட்டும் கட்டளைகளை ஓடவிடும் நிரலான பேஷ் அந்த வரியைப் படிக்கிறது, அதில் சொன்ன கோப்பைத் தேடுகிறது, இல்லை என்கிறது. அந்த வரிக்கு முன்னால் ஒரு # போட்டால் பேஷ் அதைத் தாண்டிப் போய்விடும், தீர்ந்தது.

அப்போது கொடுத்த தாளில் இதைத் "தொடக்கப் பிழை" என்று எழுதியிருந்தேன். மாணவர்கள் கணினியே தொடங்கவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு பையன் மூன்று முறை கணினியை அணைத்துப் போட்டான். ஒரு மாணவி உபுண்டுவையே மறுபடி நிறுவுவதற்குப் பென்டிரைவோடு வந்து நின்றாள். கடைசி நேரத்தில் தடுத்தேன், இல்லாவிட்டால் அந்தக் கணினியில் மற்ற பிள்ளைகள் சேமித்திருந்த பயிற்சிகள் அத்தனையும் போயிருக்கும். பிள்ளைகள் மேல் தவறில்லை, நான் வைத்த சொல்லில்தான் தவறு. கணினி எழுவதும் தொடக்கம், பயனர் உள்ளே நுழைவதும் தொடக்கம், முனையம் திறப்பதும் தொடக்கம், பேஷ் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்வதும் தொடக்கம் என்றால் அவர்கள் என்னதான் செய்வார்கள்?

கடைசியாகச் சொன்னதற்கு ஒரு தனிச்சொல் வேண்டும். அந்தக் கோப்புக்கும் அதே சொல்லிலிருந்து பெயர் அமைந்தால் நல்லது. உதவுங்கள்.


மென்பொருள் தமிழாக்கத் தன்னார்வலர், சென்னை (திங்கள் நள்ளிரவு)

அம்மா, வணக்கம். புதுச்சொல் வேண்டாம் என்பது என் கருத்து. "தொடக்கக் கோப்பு" எல்லோருக்கும் புரிகிறது. குழப்பம் வருவது கணினி எழுவதற்கும் அதே சொல்லைப் போடுவதால்தான். அதை மட்டும் "இயக்கத் தொடக்கம்" என்று பிரித்துவிடுங்கள், போதும்.

.பேஷ்ஆர்சி என்ற பெயரில் உள்ள ஆர்சி என்ற எழுத்துகளுக்கும் ஒரு கதை உண்டு. 1960களில் எம்ஐடியில் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பு இருந்தது. கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்து ஓடவிடும் வசதிக்கு அங்கே ரன்காம் என்று பெயர். லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் அந்தப் பெயரைச் சுருக்கி ஆர்சி என்று வைத்துக்கொண்டது. பேஷ் போன்ற நிரல்களைக் குறிக்கும் "ஷெல்" என்ற சொல்லும் அதே காலத்தில் லூயி பூசான் கொடுத்தது. பேஷ் வந்தது மிகவும் பின்னால், 1989இல். ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "ஓடுகட்டளைக் கோப்பு" என்று வரும். அதை நான் பரிந்துரைக்கவில்லை. எந்த மாணவருக்கும் அது உதவாது.


ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், கும்பகோணம் (செவ்வாய் காலை)

அன்புள்ள ஆசிரியைக்கும் தம்பிக்கும்,

கணினி எனக்குப் பேரன் சொல்லிக் கொடுத்த அளவுதான் தெரியும். ஆனால் அம்மா விவரித்ததைப் படித்ததும் ஒரு சொல் தானாக வந்து நின்றது. பாயிரம்.

நூல் தொடங்குமுன் நூலுக்கு வேண்டியவற்றைச் சொல்லி வைப்பது பாயிரம். பேஷ் வேலை தொடங்குமுன் அதற்கு வேண்டியவற்றைச் சொல்லி வைப்பது இந்தக் கோப்பு. நன்னூலார் பாயிரத்தைப் பொதுப்பாயிரம், சிறப்புப்பாயிரம் என்று இரண்டாகப் பிரிக்கிறார். பேரனைக் கேட்டேன். கணினி முழுவதற்கும் பொதுவாக எட்சி அடைவில் ஒரு கோப்பும், ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக ஒரு கோப்பும் உண்டு என்றான். பொதுவும் சிறப்பும் அங்கேயே இருக்கின்றன!

இன்னொன்றும் கவனியுங்கள். சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியன் தானே எழுதக்கூடாது. அவனுடைய ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோரில் ஒருவர் எழுத வேண்டும் என்பது மரபு. அம்மாவின் ஆய்வகத்தில் அந்த வரியை எழுதியது யார்? மாணவர்கள் அல்லர், வேறொரு மென்பொருள். பிறர் எழுதிச் சேர்ப்பது என்பதுவரை பொருந்துகிறது. "பாயிரப் பிழை" என்று எழுதுங்கள். 2 சொல், 6 எழுத்து.

சொல்லின் வேரையும் சொல்லிவிடுகிறேன். பயிர்தல் என்றால் அழைத்தல். பறவையும் விலங்கும் தம் இனத்தைக் கூப்பிடுவதைப் பயிர்தல் என்பார்கள். பாயிரம் அதிலிருந்து வந்தது என்பது என் நெடுநாள் எண்ணம். கற்பவனை நூலுக்குள் அழைப்பது. இந்தக் கோப்பும் பிற கோப்புகளை அழைக்கிறது அல்லவா?


தமிழாக்கத் தன்னார்வலர், சென்னை (செவ்வாய் மதியம்)

ஐயா, பொதுவும் சிறப்பும் பொருந்துவது உண்மையிலேயே அழகு. மறுக்க மனம் வரவில்லை, ஆனால் மறுக்க வேண்டியிருக்கிறது.

நன்னூல்தான் "ஆயிரம் முகத்தான் அகன்றது ஆயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே" என்றும் சொல்கிறது. பேஷ் அப்படி இல்லை. நோஆர்சி என்ற விருப்பத்தைக் கொடுத்து ஓடவிட்டால் இந்தக் கோப்பைப் படிக்காமலே எழுந்துவிடும். பிழையைக் கண்டுபிடிப்பதற்கு நாங்கள் முதலில் செய்வதே அதுதான். நோஆர்சி போட்டதும் பிழை வரவில்லை என்றால் குற்றம் கோப்பில் இருக்கிறது. அப்போதும் வந்தால் வேறெங்கோ இருக்கிறது. அம்மா, இந்தச் சோதனையைத் தாளில் கட்டாயம் சேருங்கள்.

அடுத்தது, பாயிரம் சொல்வது, இந்தக் கோப்பு செய்வது. பாயிரத்தில் ஒரு வரி தவறினால் நூல் கெட்டுப்போகாது. இதில் கட்டளைகளைத் தேடும் பாதையைத் தவறாக எழுதிவிட்டால் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் என்ற சாதாரணக் கட்டளைகூட வேலை செய்யாது. அடைவு மாறுவதற்கான சிடி மட்டும் வேலை செய்யும், அது பேஷுக்குள்ளேயே இருப்பதால். அந்த நேரத்தில் திருத்தியைக்கூட முழுப்பாதை கொடுத்துத்தான் திறக்க முடியும்.


தகவல் தொழில்நுட்ப ஆசிரியர், யாழ்ப்பாணம் (செவ்வாய் இரவு)

எல்லோருக்கும் வணக்கம். எங்கட பக்கத்து நிலைமையையும் சொல்ல வேண்டும். இலங்கைப் பாடநூல்களில் நீங்கள் இயங்குதளம் என்பது பணிசெயல் முறைமை. நீங்கள் பிழை என்பதை நாங்கள் பெரும்பாலும் வழு என்போம். பௌதிகவியலில் அளவீட்டு வழு என்று படித்த பிள்ளைக்குக் கணினியிலும் வழு என்றால் உடனே விளங்கும். பாயிர வழு என்றால் இலக்கண வகுப்புக்கு வந்துவிட்டோமோ என்று நினைக்கும்.

சண்டைக்காகச் சொல்லவில்லை. இரண்டு கரையிலும் புழங்குகிற ஒரு சொல்லாக எடுத்தால் இரண்டு பக்கப் பிள்ளைகளும் ஒரே தாளைப் படிக்கலாம் என்பது என் ஆசை. "முன்னேற்பாடு" எப்படி? கலியாணத்துக்கு, திருவிழாவுக்கு, பரீட்சைக்கு முன்னேற்பாடு செய்கிறோம். பேஷ் தன் வேலைக்கு முன்னேற்பாடு செய்கிறது. முன்னேற்பாட்டுக் கோப்பு, முன்னேற்பாட்டுப் பிழை. கணினி எழுவதோடு இதை யாரும் குழப்பமாட்டார்கள்.


பேராசிரியர், கும்பகோணம் (புதன் காலை)

யாழ்ப்பாண நண்பரின் வழுவை இரு கை நீட்டி வரவேற்கிறேன். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வழு சொன்ன மரபு நம்முடையது. வழுவமைதி என்றும் ஒன்று உண்டு. வழுதான், ஆனால் காரணம் கருதி ஏற்றுக்கொள்வது. இல்லாத கோப்பைத் தேடிக் கிடைக்காதபோது பேஷ் அதைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது என்று பேரன் சொன்னான். அது வழுவமைதிக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள். மேற்கோள் குறியை மூடாமல் விட்டால் மட்டும் கோப்பின் முடிவுவரை அதைத் தேடிப்போய் அங்கேயே நின்றுவிடுமாம். அது அமைதி பெறாத வழு. இரண்டுக்கும் இரண்டு பெயர் வைக்க வேண்டாமா?

முனையம் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. முனைக்கு நுனி மட்டும் பொருள் அல்ல, போர்க்களத்தின் முன்னணியும் முனைதான், வெறுப்பும் முனைதான். சங்கப் பாட்டில் முனைதல் என்றால் வெறுத்தல். டெர்மினலுக்கு இதை எடுத்தவர்கள் நுனியை மட்டும்தான் நினைத்திருப்பார்கள். பேருந்து முனையம், விமான முனையம் என்று இப்போது எங்கும் வந்துவிட்டது, மாற்ற முடியாது. பழகிய சொல்லை மாற்ற முடியாது என்பதால்தான், வைக்கும்போதே நல்ல சொல்லாக வைக்க வேண்டும் என்று மன்றாடுகிறேன். முன்னேற்பாடு தவறான சொல் இல்லை. ஆனால் மழைக்காலத்துக்கும் அதுதான், தேர்தலுக்கும் அதுதான். கலைச்சொல்லுக்குக் கூர்மை வேண்டும்.


கணினி நிர்வாகி, கோவை (புதன் மதியம்)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் முதலில் வந்து வரப்போவதைச் சொல்வார். "கட்டியக் கோப்பு" என்றால்? எனக்கு மிகவும் பிடித்திருந்தது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தாளுக்கு ஒரு குறிப்பு. யாராவது அந்தக் கோப்பில், வெளியேறும் கட்டளையான எக்சிட் என்று எழுதிவிட்டால் முனையம் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும். அப்போது மாணவர்கள் பயந்துவிடுவார்கள். கோப்பு மேலாளரைத் திறந்து கன்ட்ரோல் ஹெச் அழுத்தினால் புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகள் தெரியும். அங்கிருந்து உரைத்திருத்தியில் திறந்து அந்த வரியை எடுத்துவிடலாம். கோப்பே கெட்டுப்போயிருந்தால் எட்சி அடைவுக்குள் ஸ்கெல் என்ற அடைவில் புதுப்பயனருக்கான மாதிரி இருக்கும், அதை நகலெடுத்துக்கொள்ளலாம்.


ஆசிரியை, திண்டுக்கல் (வியாழன் காலை)

எல்லோருக்கும் நன்றி. நேற்று வகுப்பு முடிந்த பிறகு கடைசி பத்து நிமிடம் மாணவர்களிடமே கேட்டேன். நான்கு சொற்களைக் கரும்பலகையில் எழுதினேன்: தொடக்கக் கோப்பு, பாயிரம், முன்னேற்பாட்டுக் கோப்பு, கட்டியக் கோப்பு.

பாயிரம் என்றதும் ஒரு மாணவி எழுந்து திருக்குறளில் பாயிரவியல் என்று முதல் நான்கு அதிகாரம் வருமே என்றாள். பேராசிரியர் ஐயா கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் வகுப்பில் அவள் ஒருத்திதான் சொன்னாள். கட்டியம் என்ற சொல்லைப் பாதிப் பேர் கேள்விப்படவே இல்லை, எனக்கு அது வருத்தம்தான். முன்னேற்பாடு என்றதும் பின்வரிசைப் பையன் ஒருவன், "பந்திக்கு முன்னாடி இலை போட்டு தண்ணி வைக்கிற மாதிரியா மேடம்? அப்போ இலை வாங்கலைன்னா அதுதான் பிழையா?" என்றான். இல்லாத கோப்பைத் தேடும் வரியை நான் ஒரு வருடமாக இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. போன முறை மூன்று தரம் கணினியை அணைத்தவன் இப்போது இரண்டாம் ஆண்டு. அவனையும் கூப்பிட்டுக் காட்டினேன். "இப்படி எழுதியிருந்தா அணைச்சிருக்க மாட்டேன் மேடம்" என்றான்.

ஆகவே தாளில் முன்னேற்பாட்டுப் பிழை என்றே போடுகிறேன். கணினி எழுவதற்கு மட்டும் தொடக்கம். சென்னைத் தம்பி சொன்ன நோஆர்சி சோதனையும் கோவை நண்பரின் குறிப்பும் மூன்றாம் பக்கத்தில் வருகின்றன. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும் படியில் பிழை வரும் இடமெல்லாம் வழு என்று மாற்றித் தருகிறேன்.


தமிழாக்கத் தன்னார்வலர், சென்னை (வியாழன் மதியம்)

தாளுக்குச் சரி அம்மா, பையன் சொன்னது போதும். மென்பொருள் தமிழாக்கத்தில் மட்டும் இப்போதைக்குத் தொடக்கக் கோப்பையே வைத்துக்கொள்கிறேன். ஏற்கனவே திரையில் காட்டும் பல சரங்களில் (சொற்றொடர்களில்) அப்படிப் போய்விட்டது. இரண்டு சொல்லும் கொஞ்ச காலம் சேர்ந்து ஓடட்டும்.


பேராசிரியர், கும்பகோணம் (வியாழன் இரவு)

வகுப்பறையில் வென்ற சொல்லை எதிர்த்து நான் வாதாட மாட்டேன். ஆனால் என் கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. பாயிரவியலைச் சொன்ன அந்தப் பெண்ணிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

தம்பியின் வாதத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பாயிரம் இல்லாததைப் பனுவல் அன்று என்றார்களே தவிர, அதைப் படிக்கவே முடியாது என்று யாரும் சொல்லவில்லை. நேற்றிரவு பேரன் நோஆர்சி போட்டுக் காட்டினான். வண்ணமில்லை, பயனர் பெயருமில்லை, பதிப்பு எண்ணும் ஒரு டாலர் குறியும் மட்டும் நின்றன. பேஷ் ஓடியது, ஆனால் அது அவனுடையதாக இல்லை. அதைப் பார்த்த பிறகு பாயிரம்தான் சரி என்று எனக்கு இன்னும் உறுதியாகத் தோன்றுகிறது.

ஒன்று மட்டும் அம்மாவிடம் கேட்க வேண்டும். பயனர் உள்ளே நுழையும்போது வேறொரு கோப்பும் படிக்கப்படுமாமே, .ப்ரொஃபைல் என்று? அதுவும் முன்னேற்பாடுதானா? அதற்குத் தாளில் என்ன பெயர் போட்டிருக்கிறீர்கள்?


ஆசிரியை, திண்டுக்கல் (வியாழன் இரவு, சற்று பின்)

ஐயா, அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தாள் மாலையே நகலகத்துக்குப் போய்விட்டது. அடுத்த தாள் டிசம்பரில். அதற்குள் உங்களிடம் கேட்கிறேன்.