ஆன்ட்ரோமெடாவைச் சுற்றிக் கருவளையம்: வான் வெளிச்சத்தை எந்தக் கட்டத்தில் கழிப்பது?

பேகூர் மொட்டைமாடி:

வணக்கம். பெங்களூரு பேகூரில் இருக்கிறேன். பொம்மசந்திராவில் டூல் ரூம் வேலை. கம்ப்யூட்டர் என் துறை இல்லை, பதில் சொல்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

நவம்பர் முழுக்க மேகம் ஏமாற்றிய பிறகு, டிசம்பர் முதல் வாரத்தில்தான் ஒரு நல்ல ராத்திரி கிடைத்தது. அமாவாசை கழிந்து இரண்டாம் நாள், பிறை எட்டு மணிக்குள் மறைந்துவிட்டது. பழைய கேனான் 1300டி, 200 மி.மீ. லென்ஸ் எஃப் 4-இல், ஐஎஸ்ஓ 800, நட்சத்திரங்களோடு சேர்த்துக் கேமராவைச் சுற்றும் ஸ்டார் டிராக்கர். மாலை 7 மணியிலிருந்து 11.45 வரை, நடுவில் மேகம் வந்தபோது நிறுத்தி, 30 விநாடி வீதம் 412 படம் எடுத்தேன். குறி: ஆன்ட்ரோமெடா நட்சத்திர மண்டலம் (கேலக்ஸி).

எங்கள் தெருவுக்கு மேற்கே ஒரு கல்யாண மண்டபம். அன்றைக்கு ரிசப்ஷன். சீரியல் பல்பு, ஃபோகஸ் லைட் எல்லாம் போட்டிருந்தார்கள். 10.30-க்கு மொத்தமாக அணைத்தார்கள். ஊர் வெளிச்சம் எனக்கு வடக்கே. நட்சத்திர மண்டலமும் வடக்கே உச்சிக்கு வந்து அப்புறம் வடமேற்கில் இறங்குகிறது. எனக்கென்றே இப்படி அமைந்ததா தெரியவில்லை.

சிரில் என்ற வானப்பட மென்பொருளில் எல்லாப் படத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்து ஸ்டாக் செய்தால், ஒரு பக்கம் செங்கல் பொடி நிறம், எதிர் மூலை சாம்பல், நடுவில் இன்னொரு வெளுப்பு. வான் வெளிச்சத்துக்கு ஒரு பரப்பைப் பொருத்திக் கழிக்கும் பேக்கிரவுண்ட் எக்ஸ்ட்ராக்ஷனில் பாலினோமியல் டிகிரி 4 வைத்துக் கழித்தேன் (டிகிரி கூடினால் பரப்பு அதிகம் வளையும்). பின்னணி சமமானது உண்மை. ஆனால் மண்டலத்தைச் சுற்றி ஒரு கருவளையம், தூக்கம் கெட்டவன் கண்ணைச் சுற்றி இருக்குமே அது மாதிரி. வெளியே இருக்கும் மங்கலான சுருள் கைகள் எல்லாம் போய், முட்டையின் மஞ்சள்கரு மட்டும் மிஞ்சியது.

என் மகள் ஒரு யோசனை சொன்னாள்: "412 படத்துக்கும் மீடியன் (நடு மதிப்பு) எடுங்கப்பா, அதுதான் வானம். அதை ஒவ்வொன்றிலிருந்தும் கழித்துவிடுங்கள்." செய்தோம். மண்டலமே காணாமல் போய்விட்டது. அவள் சிரிக்கிறாள்.

கேள்வி இதுதான். ஸ்டாக் செய்த பிறகு ஒரே முறை கழிப்பதா, 412 படத்திலும் தனித்தனியாகக் கழிப்பதா? தனித்தனியாக என்றால் எந்த டிகிரி? அத்தனை படத்தில் கை வைத்தால் ஏதாவது கெட்டுப்போகாதா?

இருட்டைத் தேடி:

ஜவ்வாது மலைக்குப் போங்க சார். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டுபோய் வைத்தவர்கள் சும்மாவா வைத்தார்கள்? வான் இருட்டை 1 முதல் 9 வரை அளக்கும் போர்ட்டில் அளவில், பெங்களூரு மாடியில் 8, 9-க்குக் கீழே எதுவும் கிடையாது. மென்பொருளில் கழிப்பது எல்லாம் அழுக்குச் சட்டைக்கு சென்ட் அடிக்கிற வேலை.

ஃபிளாட் எடுத்தாச்சா:

ஜவ்வாது மலை சொன்னவருக்கு: திங்கள் காலை ஷிஃப்டுக்குப் போகிறவர் வாராவாரம் மலைக்குப் போக முடியாது. மாடியில் என்ன கிடைக்குமோ அதைப் பார்ப்போம்.

பேகூர் சார், என் பெயரே என் கேள்வி. ஃபிளாட் (லென்ஸின் குறையைப் பிடிக்க, சமமான வெளிச்சத்தைப் பார்த்து எடுக்கும் படம்) எடுத்தீர்களா? நீங்கள் சொன்ன "நடுவில் இன்னொரு வெளுப்பு" வானத்தால் வந்ததாகத் தெரியவில்லை. லென்ஸின் ஓர இருட்டு அது. இரண்டும் வேறு வேறு நோய். ஊர் வெளிச்சம் படத்தின் மேல் வந்து கூடுகிற சமாச்சாரம், அதைக் கழிக்கலாம். லென்ஸ் ஓரத்தில் ஒளி குறைவது பெருக்கலில் வருவது. மண்டலம், வானம் இரண்டையும் சேர்த்தே அது குறைக்கிறது, அதனால் வகுத்துத்தான் சரி செய்ய முடியும். முதலில் டார்க்கை (லென்ஸை மூடி எடுக்கும் இருட்டுப் படம்) கழித்து, ஃபிளாட்டால் வகுத்து, அதற்குப் பிறகுதான் வானத்தைக் கழிக்க வேண்டும். வகுக்காமல் கழித்தால், லென்ஸின் வளைவையும் சேர்த்துப் பிடிக்க உயர்ந்த டிகிரி தேவைப்படும். அந்த உயர்ந்த டிகிரிதான் உங்கள் மண்டலத்தின் கைகளைத் தின்றது.

அப்புறம் உங்கள் முக்கியக் கேள்வி. ஒவ்வொரு படத்திலும் தனித்தனியாக, டிகிரி 1. பிறகு ஸ்டாக் செய்து, மிச்சம் இருப்பதை மட்டும் ஒரு முறை கையால் கழியுங்கள்.

காரணம் சொல்கிறேன். 30 விநாடியில் எடுத்த ஒரு படத்தைத் தனியாகப் பார்த்தால், ஊர் வெளிச்சம் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும், அவ்வளவுதான். சாய்ந்த பலகை மாதிரி. ஆனால் உங்கள் டிராக்கர் நட்சத்திரங்களோடு சேர்ந்து சுற்றுகிறது, தொடுவானம் சுற்றவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் ஆன்ட்ரோமெடா இங்கே இரவு 8 மணிவாக்கில் வடக்கே சுமார் 62 டிகிரி உயரத்தில் உச்சிக்கு வரும். நள்ளிரவுக்கு முன்னால் வடமேற்கில் 35 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நீங்கள் எடுத்த நேரத்தில், தொடுவானம் இருக்கும் திசை உங்கள் படச்சட்டத்துக்குள் சுமார் 100 டிகிரி திரும்பியிருக்கிறது. அதாவது முதல் படத்தில் கீழ் ஓரத்தில் இருந்த வெளிச்சம் கடைசிப் படத்தில் பக்க ஓரத்துக்கு வந்திருக்கும். நடுவில் மண்டபம் வேறு. ஒவ்வொன்றும் எளிய சாய்வு, ஆனால் 412 வெவ்வேறு சாய்வுகளைக் கூட்டினால் கிடைப்பது நெளிந்த தகரம். அதைச் சரி செய்யத்தான் டிகிரி 4 தேடுகிறீர்கள்.

தனிப் படத்தில் டிகிரி 1-க்கு மேல் போகவே வேண்டாம். ஒரு படத்தில் இரைச்சல் (மணல் தூவிய மாதிரி ஏற்ற இறக்கம்) அதிகம், மண்டலத்தின் மங்கல் கைகள் அதற்குள் புதைந்திருக்கும். வளைய முடிந்த பரப்பைக் கொடுத்தால் மென்பொருள் அந்தக் கைகளையும் வானம் என்று நினைத்து மூடும். தட்டையான பலகை வளையாது, மண்டலமும் உங்கள் படத்தில் நடுவில் இருக்கிறது, பெரிய சேதம் வராது.

சிரிலில் அந்த பேக்கிரவுண்ட் எக்ஸ்ட்ராக்ஷன் பெட்டியிலேயே "அப்ளை டு சீக்வென்ஸ்" என்று ஒரு டிக் இருக்கும். ஃபிளாட், டார்க் முடித்த படவரிசையைத் திறந்து அதைப் போடுங்கள். படங்களை நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பொருத்துவதற்கு முன்னால் செய்யுங்கள். பொருத்திய பிறகு ஓரங்களில் கறுப்புப் பட்டை வந்துவிடும், அதையும் வானம் என்று எண்ணிக் கணக்கு கெடும். கோப்புகள் 32 பிட்டில் இருக்கட்டும். வானத்தைக் கழித்தால் சில பிக்சல்கள் பூஜ்யத்துக்குக் கீழே போகலாம். 16 பிட்டில் எதிர்மறை எண்ணுக்கு இடமில்லை, வெட்டிவிடும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றம் வேண்டாம். கழித்தால் வெளிச்சம் போகும், இரைச்சல் போகாது. ஒரு பிக்சலில் வான் வெளிச்சத்தால் 10,000 எலக்ட்ரான் சேர்ந்தால், அதன் ஏற்ற இறக்கம் வர்க்கமூலம், அதாவது 100. பத்தாயிரத்தைக் கழித்தாலும் அந்த 100 அங்கேயே இருக்கும். அதைக் குறைக்க நிறைய படம் எடுப்பதுதான் வழி. இந்த விஷயத்தில் ஜவ்வாது மலைக்காரர் சொன்னது சரி.

லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றிவிட்டீர்களா? கழற்றாமல், ஃபோகஸும் மாறாமல் இருந்தால் இப்போதுகூட ஃபிளாட் எடுக்கலாம். வெள்ளை வேட்டியை இரண்டு மடிப்பாக லென்ஸ் முகத்தில் இழுத்துக் கட்டி, விடியற்காலை வானத்தைப் பார்த்து, அதே எஃப் 4-இல் 30 படம். ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) நடுவில் நிற்க வேண்டும்.

அகச்சிவப்பு:

மகளின் யோசனையைச் சிரித்துத் தள்ள வேண்டாம். அது அகச்சிவப்பு வானியலில் தினமும் செய்கிற வேலை, இடம்தான் தவறு.

லடாக்கில் ஹான்லேயில் இருக்கும் இமாலய சந்திரா தொலைநோக்கியை நம் பக்கத்து ஹொசகோட்டையிலிருந்துதான் இயக்குகிறார்கள். அதில் டிர்ஸ்பெக் என்ற அகச்சிவப்புக் கருவி இருக்கிறது. அங்கே ஊர் வெளிச்சமே இல்லாவிட்டாலும் வானம் தானாகவே ஒளிரும். சுமார் 85, 90 கி.மீ. உயரத்தில் இருக்கும் ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் அகச்சிவப்பில் வெளிச்சம் விடுகின்றன, அதுவும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் தொலைநோக்கியைச் சிறிது நகர்த்தி எடுப்பார்கள். முன்னும் பின்னும் உள்ள சில படங்களைப் பொருத்தாமலேயே மீடியன் எடுத்தால், நட்சத்திரங்கள் இடம் மாறியிருப்பதால் மறைந்துவிடும், வானம் மட்டும் நிற்கும். அதைக் கழித்துவிட்டு, பிறகுதான் பொருத்துவார்கள். வானம் சீக்கிரம் மாறுவதால் ராத்திரி முழுவதற்கும் ஒரே மீடியன் என்பது கிடையாது, அந்தந்த நேரத்துப் பக்கத்துப் படங்கள்தான்.

ஆன்ட்ரோமெடா வானத்தில் 3 டிகிரி நீளம். உங்கள் படச்சட்டம் அகலவாட்டில் ஆறரை டிகிரிகூட இருக்காது. சிறிது நகர்த்தினாலும் அது அதன் மேலேயே படியும், அதனால் மீடியனில் அதுவும் சேர்ந்துவிட்டது. பெரிய பொருளுக்கு, பக்கத்தில் வெற்று வானத்துக்குப் போய் எடுத்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். உங்களுக்கு அது தேவையில்லை, டிகிரி 1 போதும். ஆனால் மகளிடம் சொல்லுங்கள், சின்ன நட்சத்திரக் கொத்துக்கு அவள் முறை பலிக்கும்.

பேகூர் மொட்டைமாடி:

எல்லோருக்கும் நன்றி. லென்ஸைக் கழற்றவில்லை, நல்லவேளை. ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு மாடியில் வேட்டியோடு நின்றேன். வேட்டி லென்ஸில் இருந்தது, நான் பேண்ட்டில்தான் இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா கன்னடத்தில் ஏதோ கேட்டார். "பூஜை" என்று சொல்லிவிட்டேன்.

சாய்ந்த பலகை என்று சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வேலையில் பிளேட்டின் மேல் டயல் கேஜ் ஓட்டிப் பார்ப்போம். முள் ஒரே சீராக ஏறினால் அது சாய்வு, அடியில் ஷிம் (மெல்லிய தகடு) கொடுத்தால் தீர்ந்தது. ஏறி இறங்கினால் பிளேட்டே வளைந்திருக்கிறது. பத்து பிளேட்டைச் சாய்வு பார்க்காமல் அடுக்கிவிட்டு மேலே உள்ளதைக் கிரைண்டிங் போட்டு மட்டம் கொண்டுவருகிறேன் என்று எந்தப் பையனாவது சொன்னால் நான் திட்டுவேன். நான் செய்தது அதேதான்.

ஆனால் ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை! 32 பிட்டில் ஒரு படம் 200 எம்பிக்கு மேல் வருகிறது. 412 படம் கிட்டத்தட்ட 90 ஜிபி. டார்க் கழித்த வரிசை ஒன்று, வானம் கழித்த வரிசை ஒன்று, பொருத்தியது ஒன்று. இரண்டாவதின் பாதியிலேயே மகளின் லேப்டாப் மூச்சு முட்டி நின்றுவிட்டது. எஸ்.பி. ரோடு போய் 1 டிபி டிஸ்க் வாங்கி வந்தேன். வீட்டில் விலையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன்.

மேகம் தொட்ட 37 படமும், 11 மணிக்கு மேல் தாழ்வாக எடுத்ததில் 61-உம் தூக்கிவிட்டேன். 314 மிச்சம். கருவளையம் போய்விட்டது. பக்கத்துச் சின்ன மண்டலம் எம் 110 தனியாகத் தெரிகிறது, ஒரு தூசுப் பட்டையும் தெரிகிறது. ஆனால் இடது மேல் மூலையில் மட்டும் லேசான சிவப்பு போகவில்லை. ஸ்டாக்கில் டிகிரி 2 வைத்தேன்.

ஃபிளாட் எடுத்தாச்சா:

டிஸ்க் விஷயம் என் தவறுதான், மன்னிக்கவும். முடிந்த வரிசையை உடனே அழித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மூலைச் சிவப்புக்கு: வானத்தை அளக்க மென்பொருள் தானாக வைத்த மாதிரிப் புள்ளிகளை நம்பாதீர்கள். மண்டலத்தின் மேலும் அதன் நீளவாக்கில் இரு முனைக்கு அப்பாலும் விழுந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக நீக்குங்கள். அந்த மூலையில் நாலைந்து புள்ளியை நீங்களே வையுங்கள், பிரகாசமான நட்சத்திரம் தவிர்த்து. பிறகு பாலினோமியலுக்குப் பதிலாக அதே பெட்டியில் இருக்கும் ஆர்பிஎஃப் முறையைப் போட்டுப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் மண்டபம் எரிந்த நேரத்துப் படங்களை மட்டும் தனியாக ஸ்டாக் செய்து பாருங்கள். பக்கத்து விளக்கு லென்ஸில் நேராக அடித்தால் வருவது சாய்வு கிடையாது, ஒரு மூலையில் திட்டாக விழும். அதை டிகிரி 1 பிடிக்காது.

பேகூர் மொட்டைமாடி:

அதேதான். 10.30-க்கு முன் எடுத்தவற்றில் மட்டும் அந்தத் திட்டு. பக்கத்து வெளிச்சத்தை மறைக்கும் லென்ஸ் ஹூட் பெட்டியிலேயே கிடந்தது, மாட்ட மறந்திருக்கிறேன்.

மண்டபத்து மேனேஜரிடம் நேற்று போய் அடுத்த புக்கிங் எப்போது என்று கேட்டேன். எனக்குக் கல்யாணத்துக்கு மகள் இருப்பதாக நினைத்து, சலுகை விலை எல்லாம் சொன்னார். 16-ஆம் தேதிக்கு மேல் ஒரு மாதம் காலி என்றார். மார்கழி. யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஓரியன் நெபுலாவுக்கு ஹூட் போட்டாயிற்று.