பெனிட்ரேட்டிங் ஆயிலுக்குத் தமிழ் என்ன? திங்கள் காலைக்குள் வேண்டும்

சூரமங்கலம் வாத்தியார்:
அனைவருக்கும் வணக்கம். தொழிற்பயிற்சிக் கையேட்டின் ஒரு பாடம் திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. 'ஸ்பிரே லூப்ரிகன்ட்', 'பெனிட்ரேட்டிங் ஆயில்' இரண்டையும் பழைய பதிப்பில் 'மசகு எண்ணெய்' என்றே போட்டிருக்கிறார்கள். அதைப் படித்த பையன் ஒருவன், துரு இளக்கும் ஸ்பிரேயைச் சைக்கிள் செயினுக்கு அடித்துவிட்டுப் போய்விட்டான். நாலே நாளில் செயின் கிறீச்சிட்டது. ஒன்று தங்கி வழுக்க வேண்டியது. மற்றது இடுக்கில் புகுந்து துருவை இளக்க வேண்டியது. என் யோசனை: தெளிப்பு மசகு, ஊடுருவு எண்ணெய்.

அஸ்தம்பட்டி தமிழம்மா:
ஐயா, 'மசகு' என்றதும் மாட்டு வண்டி மைதான் கண்முன் வருகிறது. 'உயவு' இருக்கிறதே? உயவுத் தெளிப்பு என்று போடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
வண்டி மை ஞாபகம் வந்தால் நல்லதுதானேங்கம்மா? அச்சில் தடவுவது அதுதான். உயவு என்றால் எங்கள் பையன்கள் ஏதோ நோய் என்று நினைப்பார்கள்.

கொண்டலாம்பட்டிக்காரன்:
அவர்கள் நினைப்பதில் தப்பே இல்லை. சங்கப் பாட்டில் உயவு என்றால் வருத்தம், துன்பம்.

அஸ்தம்பட்டி தமிழம்மா:
அது வேறு உயவு தம்பி. இது 'உய்த்தல்', அதாவது செலுத்துதல் என்பதிலிருந்து வந்தது என்பது என் கருத்து. நாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், நாளை அனுப்புகிறேன்.

கொண்டலாம்பட்டிக்காரன்:
டபிள்யூ.டி.-40 என்று கடையில் விற்கும் ஸ்பிரே டப்பாவின் பெயரிலேயே விடை இருக்கிறது. டபிள்யூ.டி. என்பது 'வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்', 40 என்பது நாற்பதாவது முயற்சி. 1953-ல் சான் டியாகோவில் உருவானது. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகட்டைத் துருவிலிருந்து காக்கப் பயன்பட்டது. ஈரத்தை விரட்டுவதுதான் அதன் பிறவி வேலை. ஆகவே 'நீர்விலக்கி'.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
அது ஒரு டப்பாவின் கதை தம்பி, வாத்தியார் கேட்பது ஒரு வகையின் பெயர். அந்த டப்பா எல்லா வேலையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும். சைலன்சர் போல்ட்டு துருவில் இறுகிவிட்டால் அதற்கென்றே உள்ள ஆயில்தான் நல்லது. இரும்பு துருவானால் பருக்கும், மரைக்குள் இடமே இருக்காது. தண்ணீர் மாதிரி மெல்லிசான எண்ணெய்தான் அந்த இடுக்கில் ஏறும். அடித்த கையோடு ஸ்பேனர் போட்டுத் திருகினால் தலை ரவுண்டாகிவிடும். ஊற விட்டு, சுத்தியலால் லேசாகத் தட்டி, மறுபடி ஊற விட வேண்டும். கதவுக் கீலுக்கு இது ஆகாது, இரண்டு வாரத்தில் சத்தம் திரும்பி வரும், அதற்குக் கிரீஸ். ரப்பர் பீடிங்குக்கு சிலிகான் ஸ்பிரே. பிரேக் டிஸ்க் பக்கம் எதையும் அடிக்கவே கூடாது. இதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள் சார்.

ஏற்காட்டு எஸ்டேட்:
எங்கள் மலைப் பனிமூட்டத்தில் கேட்டுப் பூட்டுக்கு என்ன அடிப்பது? மழை முடிந்தாலே சாவி திரும்புவதில்லை. கேட்டு நட்டும் அசையவில்லை.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
பூட்டுக்கு எண்ணெய் ஊற்றாதீங்க, தூசி ஒட்டிக்கொள்ளும். கிராஃபைட் பொடி போடுங்க. நட்டுக்கு மேலே சொன்ன வைத்தியம்தான்.

கொண்டலாம்பட்டிக்காரன்:
துருப்பிடிக்காத எஃகு செய்கிற சேலத்தில் உட்கார்ந்து துருவுக்கு எண்ணெய் தேடுகிறோம்! இன்னொன்று: 'ஊடுருவு' என்பதிலேயே 'துருவு' ஒளிந்திருக்கிறது. துருவுநெய் என்றால் துருவும் வந்துவிடும், துருவுவதும் வந்துவிடும்.

அஸ்தம்பட்டி தமிழம்மா:
ஒளிந்திருக்கவில்லை தம்பி. ஊடு, உருவு, அவ்வளவுதான். துருவுநெய் என்றால் தேங்காய்ப் பால் எடுக்கப் போகிறோமோ என்று நினைப்பார்கள். தவிர, எள்ளின் நெய்தான் எண்ணெய். பெட்ரோலியத்திலிருந்து வருவதை அந்தப் பெயரால் அழைப்பதே எனக்கு உறுத்தல்.

சூரமங்கலம் வாத்தியார்:
அம்மா, தேங்காய் எண்ணெய் என்று சொல்லும்போது உறுத்தவில்லையா? சரி, அதை விடுவோம். பட்டறை அண்ணன் 'ஊற விடு' என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். ஊறுகாய் மாதிரி 'ஊறெண்ணெய்' என்றால் என்ன? வினைத்தொகை. காலம் கரந்த பெயரெச்சம். ஊறியது, ஊறுகிறது, ஊறும், மூன்றும் அடக்கம். காத்திருக்க வேண்டும் என்பது பெயரிலேயே வந்துவிடுகிறது.

கொண்டலாம்பட்டிக்காரன்:
'ஊறு' என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டே சார். 'ஊறு விளைவிக்கும்' என்று தினமும் செய்தியில் வருகிறது. அப்புறம், ஊறுவது நட்டா எண்ணெயா? ஊறுகாயில் காய்தான் ஊறுகிறது.

அஸ்தம்பட்டி தமிழம்மா:
குறள் 27-ல் 'சுவை ஒளி ஊறு ஓசை நாற்றம்' என்று தொடுவுணர்வுக்கும் அதே சொல்தான். பொருள் பல இருந்தால் சொல் கெட்டுவிடாது. கிணற்றில் நீர் ஊறுவதுபோல எண்ணெயும் ஊறட்டுமே. எனக்குச் சம்மதம். உயவை மட்டும் கைவிட மாட்டேன்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
ஊறெண்ணெய் வாய்க்கு வருகிறது. ஆனால் கடையில் போய்க் கேட்டால் ஊறுகாய் பாட்டிலைத்தான் நீட்டுவான். எங்கள் பட்டறையில் எல்லாமே 'டபிள்யூ.டி. அடி'தான், எந்தக் கம்பெனி டப்பாவாக இருந்தாலும்.

சூரமங்கலம் வாத்தியார்:
மணி பதினொன்று ஆகிவிட்டது. ஊறெண்ணெய்க்கு மூன்று, நீர்விலக்கிக்கு ஒன்று. தெளிப்பு மசகு, ஊறெண்ணெய் என்றே அனுப்புகிறேன். பக்கத்திலேயே தமிழெழுத்தில் ஆங்கிலச் சொல்லும் இருக்கும், பையன்கள் கடைக்குப் போக வேண்டுமே. அம்மா, அந்த நாலு பக்கத்தை அடுத்த பதிப்புக்கு அனுப்புங்கள்.

ஏற்காட்டு எஸ்டேட்:
மூன்றாவது ஓட்டு என்னுடையதுதான். நட்டு இரண்டு ராத்திரியாக ஊறுகிறது, இன்னும் அசையவில்லை.

கொண்டலாம்பட்டிக்காரன்:
அதற்குத்தான் சொன்னேன், ஊறுவது நட்டு. என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.