இரைப்பையில் ஜிஸ்ட் கட்டி: எண்டோஸ்கோப்பியிலேயே எடுக்கலாமா?

அம்மாவுக்கு இரைப்பையில் 1.8 செ.மீ. கட்டி, ஜிஸ்ட் (இரைப்பை, குடல் சுவரில் வளரும், புற்றாக மாறக்கூடிய ஒருவகைக் கட்டி) ஆக இருக்கலாமாம். வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப்பியிலேயே எடுக்கலாம் என்கிறார் டாக்டர். தசை அடுக்கிலிருந்து வளரும் கட்டி என்கிறார்களே, எடுத்தால் இரைப்பையில் ஓட்டை விழாதா? பயமாக இருக்கிறது.

பதில் 1: ஓட்டை விழலாம். சில கட்டிகளுக்குச் சுவரின் முழுத் தடிமனையும் தெரிந்தேதான் வெட்டி எடுக்கிறார்கள், அப்புறம் உள்ளிருந்தே கிளிப் போட்டு மூடிவிடுவார்கள். அதைவிட முக்கியம், கட்டி உடையாமல் முழுசாக வெளியே வருவது. உடைந்தால் செல்கள் வயிற்றுக்குள் சிதறித் திரும்ப வர வாய்ப்பு அதிகம். அதனால் இதில் கைதேர்ந்தவரிடமே போங்கள், அவசர அறுவைக்கு ஆள் இருக்கும் இடமாகவும் பாருங்கள்.

பதில் 2: எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் (எண்டோஸ்கோப்பிக் குழாயை உள்ளே விட்டு அங்கிருந்தே எடுக்கும் ஸ்கேன்) பார்த்தாயிற்றா? 2 செ.மீ.க்குள், ஓரம் சீராக இருந்தால் சிலருக்குக் கண்காணித்தாலே போதும்.

பதில் 3: எடுத்த பிறகு திசு அறிக்கையில் செல் பிரியும் வேகத்தைக் கேளுங்கள். அதையும் அளவையும் இடத்தையும் வைத்துத்தான் கட்டி திரும்ப வராமல் தடுக்கத் தரும் இமாட்டினிப் மாத்திரை தேவையா என்று சொல்வார்கள்.