கனடா போகுமுன் வங்கிக் கணக்கும் வாடகை வீடும்

கேள்வி: அடுத்த மாதம் வேலைக்காக டொரண்டோ போகிறேன். கும்பகோணம் வீட்டு வாடகை என் சேமிப்புக் கணக்கில்தான் விழுகிறது, பிபிஎஃப்பும் (பொது வருங்கால வைப்பு நிதி) ஓடுகிறது. அப்படியே விடலாமா? அம்மாவுக்கு அலைச்சல் கூடாது, அதுதான் கவலை.

பதில்: விடக்கூடாது. ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) விதிப்படி கணக்கை என்ஆர்ஓவாக, அதாவது வெளிநாடு வாழ்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்காக, மாற்ற வங்கியில் எழுதிக் கொடுங்கள். வாடகை அதிலேயே விழலாம். வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் வரி பிடிப்பார்கள். கூடுதலாகப் பிடித்ததை வருமான வரி ரிட்டர்ன் போட்டு வாங்கலாம். பிபிஎஃப் 15 வருடம் முடியும்வரை ஓடும், நீட்டிக்க முடியாது.

இன்னொரு பதில்: அம்மா பெயருக்குப் பவர் பத்திரத்தை (உங்களுக்குப் பதில் அவர் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) கிளம்புமுன் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள் தம்பி. அங்கிருந்து எழுதி அனுப்பினால், பத்திரம் இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட அவர்தான் அலைய வேண்டும். வாடகை, வீட்டு வரி, மின்கட்டணம் மட்டும் எழுதினால் போதும். விற்கும் அதிகாரம் எதற்கு?

கேட்டவர்: சரி அண்ணா, திங்கட்கிழமையே பத்திர எழுத்தரைப் பார்க்கிறேன். அப்புறம் வங்கி.