பேட்டரி ஏன் இறங்குகிறது? மும்பை நண்பர்கள் உதவ வேண்டும்

வணக்கம். கேட்வே ஆஃப் இந்தியா எதிரே கடலில் கட்டி நிற்கும் சிறிய பாய்மரப் படகு ஒன்றை நண்பருக்காகப் பார்த்துக்கொள்கிறேன். மழைக்காலம் முடிந்து தண்ணீரில் இறக்கியதிலிருந்து ஒரே தொல்லை. முழு சார்ஜில் 12.7 வோல்ட் காட்டும் பேட்டரி, மெயின் சுவிட்சை அணைத்து வைத்தாலும் சில நாட்களில் 12.2-க்கு வந்துவிடுகிறது. கிட்டத்தட்ட பாதி காலி!

டிஸ்டில்டு வாட்டர் அளவு சரி. முனைகளில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டி வாசலினும் தடவியாயிற்று. படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்ப் மட்டும் மெயின் சுவிட்சைத் தொடாமல் நேராக பேட்டரியில் இணைந்திருக்கிறது. ஆளில்லாத நேரத்திலும் ஓட வேண்டுமே, அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் நீர் ஏறினால் பம்பைத் தானாக ஓட்டிவிடும் அதன் மிதவை சுவிட்சில் உப்புநீர் புகுந்து மின்சாரம் கசிகிறதோ என்று சந்தேகம். ஃபியூஸைக் கழற்றி மல்டிமீட்டரை இடையில் வைத்து மில்லி ஆம்பியர் பார்த்தால் போதுமா? அல்லது பேட்டரியே தேய்ந்துவிட்டதா?

பேட்டரி அமிலத்தின் அடர்த்தியைப் பார்க்கும் ஹைட்ரோமீட்டர் இரவல் கிடைக்குமா? மாட்டுங்கா, செம்பூர் பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்வேன். படகுக்கு வந்து பார்க்கும் எலக்ட்ரீஷியன் இருந்தாலும் சொல்லுங்கள். உப்புக் காற்றில் அரிக்காமல் இருக்கப் படகில் போடும் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியை, எதற்கு என்று கேட்பவராக மட்டும் இருக்க வேண்டாம். லித்தியம் பேட்டரிக்கு மாறும் யோசனை இப்போதைக்கு வேண்டாம், பட்ஜெட் இல்லை.