அய்யன் வீட்டுச் சொந்தம்: மகிழினி காதுகுத்து

கவிதா அக்கா: எல்லோருக்கும் வணக்கம்ங்க. மகிழினிக்குக் காதுகுத்து வர்ற வெள்ளிக்கிழமை, குலதெய்வக் கோயிலில். காலை 9 மணிக்குள் வந்துவிடுங்க.

சரோஜா அத்தை: (பலமுறை பகிரப்பட்டது) எச்சரிக்கை! வெள்ளி இரவு ஆறு கோள்கள் ஒரே கோட்டில்! கெட்ட கதிர் இறங்கும். செல்போனை அணைக்கவும். சுப காரியம் தவிர்க்கவும். பத்துப் பேருக்கு அனுப்பவும்.

சரோஜா அத்தை: கவிதா, பார்த்தியா கண்ணு? தேதியை மாத்திறலாமா?

கவிதா அக்கா: அத்தை, பந்தலுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சுங்க

செந்தில் அண்ணன்: கெடா?

கவிதா அக்கா: அதுக்கும்

பழனிச்சாமி சித்தப்பா: சரோஜாக்கா, அந்தக் கோள்கள் வெள்ளிக்கிழமைக்காக வரிசையில் வந்து நிற்கவில்லை, பிறந்ததிலிருந்தே அப்படித்தான். சுமார் 456 கோடி வருஷத்துக்கு முன்னால் சூரியனும் இல்லை பூமியும் இல்லை, வாயுவும் தூசியுமாக ஒரு பெரிய மேகம் மட்டும். அதில் ஒரு பகுதி தன் ஈர்ப்பாலேயே உள்ளே சரிந்தது. சுருங்கச் சுருங்கச் சுழற்சி வேகமாகி, தட்டையாகி, வட்டத் தகடாகிவிட்டது. நடுவில் திரண்டது சூரியன், மொத்த எடையில் 99 சதவீதத்துக்கு மேல் அதுவே எடுத்துக்கொண்டது. மிச்சத் தூசி ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகி, கிலோமீட்டர் கணக்கில் பாறையாகி, மோதிச் சேர்ந்து கோள்கள் ஆயின. எல்லாம் ஒரே தகட்டில் பிறந்ததால் இன்றைக்கும் ஒரே திசையில், கிட்டத்தட்ட ஒரே தளத்தில் சூரியனைச் சுற்றுகின்றன. அதிகமாகச் சாய்ந்த புதனே 7 டிகிரிதான். அதனால் ராத்திரியில் எந்தக் கோளைப் பார்த்தாலும் பகலில் சூரியன் போகிற பாதையை ஒட்டித்தான் தெரியும். இரண்டு தெரிந்தாலும் அதே கோடு, ஆறு தெரிந்தாலும் அதே கோடு.

பிரபு அண்ணன்: 👍

செந்தில் அண்ணன்: சித்தப்பா, இது வாட்ஸ்அப்பா பிளஸ் ஒன் புத்தகமா

சரோஜா அத்தை: நீ பக்கத்தில் நின்னு பார்த்தியா பழனி?

பழனிச்சாமி சித்தப்பா: வேறு விண்மீனைச் சுற்றி இதே மாதிரித் தகட்டைப் படமே எடுத்துவிட்டார்கள் அக்கா. சிலி நாட்டு ஆல்மா தொலைநோக்கி, 2014. வருஷக் கணக்கு விண்கல்லில் இருந்து வந்தது. 1969ல் மெக்சிகோவில் விழுந்த கல்லுக்குள் பூமியைவிட மூத்த துணுக்குகள் இருக்கின்றன.

சரோஜா அத்தை: ராகுகாலத்தில் தோப்புப் பத்திரம் போட்டவன்தானே நீ. அப்புறம் என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும்

பழனிச்சாமி சித்தப்பா: அது ராகுகாலத்தால் இல்லை. யாரால் என்று இங்கே எழுத வேண்டாம்.

பிரபு அண்ணன்: அத்தை, தோப்புப் பேச்சு வேண்டாமுங்க

சுமதி அண்ணி: இது யாழினி. தாத்தா, ஒரே மேகம்னா பூமி மட்டும் ஏன் கல்லு, வியாழன் ஏன் வாயு?

பழனிச்சாமி சித்தப்பா: அப்படிக் கேளு சாமி. சூரியனுக்குப் பக்கத்தில் வெக்கை, அங்கே தண்ணீர் பனிக்கட்டியாக உறையாது. கல்லும் இரும்பும்தான் கெட்டியாக நிற்கும். இருந்த கொஞ்சத்தை வைத்துப் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நாலும் சின்னதாகவே முடிந்துவிட்டன. செவ்வாயைத் தாண்டினால் குளிர், பனிக்கட்டியும் சேர்ந்துகொண்டது. அதில் வியாழன் முந்திப் பெருத்து, சுற்றி இருந்த ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் வளைத்துப் போட்டுக்கொண்டது. எடை பூமியைப்போல் 318 மடங்கு!

செந்தில் அண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுமதி அண்ணி: செந்தில், அவரும் குரூப்பில் இருக்கிறார்

பெரியசாமி மாமா: படிச்சுட்டேன் மாப்பிள்ளை. முதல் பந்தியில் உட்கார்ந்தா நானும் வியாழனும் ஒண்ணா?

பெரியசாமி மாமா: சரி, புளூட்டோ என்ன ஆச்சுங்க வாத்தியாரே

பழனிச்சாமி சித்தப்பா: 2006ல் பிராகில் வானியலாளர்கள் கூடி ஓட்டெடுத்து, குறுங்கோள் என்று தனியாக வைத்துவிட்டார்கள்.

பெரியசாமி மாமா: அவங்க ஓட்டாவது எடுத்தாங்க. என்னை இந்தக் குரூப்பிலிருந்து தூக்கினப்ப?

கவிதா அக்கா: மாமா, அது கை தவறிப் பட்டுருச்சுங்க

பெரியசாமி மாமா: ரெண்டு தடவையா

சரோஜா அத்தை: அத்தனையும் சேர்ந்து இழுத்தா பூமி தாங்குமா?

பழனிச்சாமி சித்தப்பா: நிலா இழுக்கிறதில் நூறில் ஒரு பங்குதான் வியாழன் இழுக்கும். சனி அதைவிடக் கம்மி.

சரோஜா அத்தை: உனக்குக் கம்மி. என்ற பையனுக்கு ஏழரை நடந்தப்ப வந்து பார்த்தியா?

கவிதா அக்கா: அத்தை, அதை விடுங்க. யார் மடியில் உட்கார வைக்கிறது, அதைச் சொல்லுங்க

பிரபு அண்ணன்: மூத்த மாமன் நான்

செந்தில் அண்ணன்: மொட்டைக்கும் நீதானே உட்கார்ந்தாய்

பிரபு அண்ணன்: அன்றைக்கு நீ கரூரில் இருந்து வரவே இல்லை

செந்தில் அண்ணன்: சொன்னாத்தானே வர

சுமதி அண்ணி: ஆத்தா கேட்குது, ஒருத்தன் மடியில் ஒரு காது, இன்னொருத்தன் மடியில் இன்னொரு காது குத்தினா என்னன்னு

கவிதா அக்கா: 😂 அப்ப வெள்ளிக்கிழமையே வச்சுக்கலாமுங்களா அத்தை?

சரோஜா அத்தை: காலையிலேயே முடிச்சுட்டா ராத்திரி வர்ற கோள் என்ன பண்ணப் போகுது. எதுக்கும் ஜோசியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்

பழனிச்சாமி சித்தப்பா: அக்கா!!

செந்தில் அண்ணன்: கச்சாயம் யார் சுடறது?